ஆம்புலன்ஸ் வந்த பிறகும் ஏன் உடனே கிளம்புவதில்லை?

108-க்கு அழைத்தீர்கள், வண்டியும் வந்துவிட்டது. ஆனால் நோயாளியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பறக்காமல், ஒருவர் அவர் விரலில் கருவி மாட்டுகிறார், கேள்வி கேட்கிறார், யாருக்கோ போன் போடுகிறார். "என்னங்க, இன்னும் வண்டியை எடுக்கலையா?" என்று சுற்றி நிற்பவர்கள் சத்தம் போடுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். அந்தப் பதற்றம் நியாயமானதுதான். ஆனால் சிகிச்சை அந்தச் சில நிமிடங்களிலேயே தொடங்கிவிடுகிறது. என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், உங்களாலும் நேரத்தை மிச்சப்படுத்த முடியும்.

வண்டியில் வருபவர் யார்?

தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கியது 108 சேவை. வழக்கமான 108 ஆம்புலன்ஸில் ஓட்டுநர் ஒருவரும் அவசரகால மருத்துவ உதவியாளர் ஒருவரும் இருப்பார்கள். மருத்துவ உதவியாளர் டாக்டர் இல்லை. நர்சிங் போன்ற படிப்பை முடித்து, அவசர சிகிச்சையில் தனிப் பயிற்சி பெற்றவர். தேவைப்படும்போது கட்டுப்பாட்டு மையத்தில் உள்ள டாக்டரிடம் நிலைமையைச் சொல்லி, அவர் ஆலோசனைப்படி மருந்து கொடுப்பார். அவர் போனில் பேசுவது இதற்காகத்தான்.

முதல் நிமிடம்

முதலில் இடம் பாதுகாப்பானதா என்று பார்ப்பார். அறுந்த மின்கம்பி, கேஸ் கசிவு, வேகமாக வரும் வண்டிகள் என்று ஏதாவது இருந்தால், காப்பாற்ற வந்தவரும் சேர்ந்து விழுந்துவிடுவார். அடுத்து, கூப்பிட்டால் நோயாளி பதில் சொல்கிறாரா? வாயில் ரத்தமோ வாந்தியோ அடைத்திருக்கிறதா? மூச்சு சீராக இருக்கிறதா? நாடி துடிக்கிறதா? எங்காவது ரத்தம் கொட்டுகிறதா? உயிருக்கு ஆபத்தான எதைக் கண்டாலும் அந்த இடத்திலேயே சரிசெய்யத் தொடங்குவார். ரத்தம் பீறிட்டால் அழுத்திப் பிடிப்பார், மூச்சுப் பாதை அடைத்திருந்தால் உறிஞ்சி எடுப்பார்.

விபத்தில் அடிபட்டவர் என்றால் கழுத்துக்குப் பட்டை போட்டு, பலகையில் படுக்கவைத்து ஏற்றுவதும் உண்டு. முதுகெலும்பு முறிந்திருக்கும்போது ஆளை மடக்கி ஆட்டோவில் திணித்தால், நன்றாக இருந்த கால்கூட செயலிழந்து போகலாம்.

ஒரு சொட்டு ரத்தம் சொல்லும் சேதி

பிறகு ரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, ஆக்சிஜன் அளவு, சர்க்கரை அளவு எல்லாம் பார்க்கப்படும். "இப்போ போய் சுகர் டெஸ்ட்டா?" என்று தோன்றும். ஆனால் ஒருவருக்கு வாய் குழறி, ஒரு கை துவண்டு போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கவாதம் என்றுதான் நினைப்போம். சர்க்கரை 70-க்குக் கீழே நன்றாக இறங்கினாலும் சிலருக்கு இதே மாதிரி ஆகும். குளுக்கோஸ் ஏற்றினால் சில நிமிடங்களிலேயே அவர் தெளிந்து பேசக்கூடும்.

சர்க்கரை சரியாக இருந்தால் பக்கவாதம் என்ற சந்தேகம் வலுக்கும். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதனால்தான் "கடைசியா எப்போ நல்லா இருந்தாரு?" என்று திரும்பத் திரும்பக் கேட்பார். காலை 6 மணிக்கு எழுந்தபோதே கை வரவில்லை என்றால், கணக்கு 6 மணியிலிருந்து இல்லை. இரவு 10 மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தார் என்றால், 10 மணியிலிருந்து கணக்கு. குத்துமதிப்பாகச் சொல்லாமல், யோசித்துச் சொல்லுங்கள்.

எந்த மருத்துவமனை?

"பக்கத்து ஆஸ்பத்திரிக்கே விடுங்க" என்பார்கள். அங்கே சி.டி. ஸ்கேனோ அறுவை சிகிச்சை வசதியோ இல்லையென்றால், அங்கிருந்து இன்னொரு வண்டி பிடிக்க வேண்டிவரும். நிலைமைக்குத் தகுந்த மருத்துவமனையில், அதிலும் அருகில் இருப்பதைத் தேர்ந்தெடுப்பதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும். முன்கூட்டியே தகவல் போய்விட்டால், வண்டி போய்ச் சேரும்போது அங்கே ஆட்கள் தயாராக இருப்பார்கள். சாலை விபத்து என்றால் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்கு, திட்டத்தின் வரம்புக்குள், கட்டணம் கிடையாது.

எல்லா நேரமும் நின்று நிதானிப்பதும் இல்லை. வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்ற சந்தேகம் வந்தால், அதை நிறுத்த அறுவை சிகிச்சைதான் வேண்டும். அப்போது மிக அவசியமானதை மட்டும் செய்துவிட்டு வண்டி கிளம்பிவிடும், மற்றவை ஓடும் வண்டியில் நடக்கும். இதயம் நின்றுபோனால் இதற்கு நேர்மாறு. ஓடும் வண்டியில் மார்பைச் சரியாக அழுத்துவது கஷ்டம் என்பதால் அந்த இடத்திலேயே தொடங்குவார்கள். அதற்கும் முன்னால் தொடங்க வேண்டியவர் நீங்கள். நினைவும் இல்லை, சரியான மூச்சும் இல்லை என்றால், நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டால், 108-இல் பேசுபவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே செய்யலாம்.

உங்கள் கைபேசி செய்யும் உதவி

• 108-க்கு அழைத்த எண்ணை பிஸியாக வைக்காதீர்கள். வண்டியில் வருபவர்கள் அந்த எண்ணுக்குத்தான் திரும்ப அழைப்பார்கள். சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்ல வேறு போனைப் பயன்படுத்துங்கள்.

• ஊர், தெரு, பக்கத்தில் உள்ள கோயில், பள்ளி, பெட்ரோல் பங்க் ஏதாவது ஒரு அடையாளம் சொல்லுங்கள். நெடுஞ்சாலை என்றால் மேப் செயலியில் இடத்தைப் பார்த்து, எந்த ஊர்ப் பக்கம் போகும் பாதை என்பதையும் சொல்லுங்கள். இரவில் ஒருவர் தெருமுனையில் டார்ச் அடித்து நிற்கட்டும்.

• பெற்றோரின் மருந்துச் சீட்டு, மாத்திரை அட்டை, ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயர் ஆகியவற்றைப் படம் எடுத்து வையுங்கள். மருத்துவ உதவியாளர் கேட்கும் பாதிக் கேள்விகளுக்கு அதிலேயே பதில் கிடைக்கும்.

• போனின் அவசரத் தகவல் பகுதியில் ரத்த வகை, நோய், உறவினர் எண் ஆகியவற்றைப் பதிவு செய்யுங்கள். போன் பூட்டியிருந்தாலும் அவற்றைப் பார்க்கும்படி வைக்கலாம்.

• மயக்கத்தில் இருப்பவருக்குத் தண்ணீர், காபி எதுவும் கொடுக்காதீர்கள். மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுபவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. பெயர், முகவரி சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. ஆம்புலன்ஸுக்கு வழி விடாதவருக்கு அதே சட்டத்தின் 194இ பிரிவின்படி 10,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

மருந்துச் சீட்டைப் படம் எடுக்க ஒரு நிமிடம் போதும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன் அதை முடித்துவிடுங்கள்.