சுயாதீன இசைக்கலைஞரின் 'சுதந்திரம்': ஒலிப்பதிவுக்கூட உழைப்புப் பற்றிய சில குறிப்புகள்

இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையைக் கேட்டு வளர்ந்தோர், ஒரு திரைப்பாடல் ஒலிக்குமுன் படத்தின் பெயரும் பாடியவர் பெயரும் இசையமைத்தவர் பெயரும் சொல்லப்படுவதை நன்கறிவர். பல்லவிக்கு முன் எழும் வயலின்களை இசைத்தோர் யாவர், சரணங்களுக்கிடையே ஒலிக்கும் புல்லாங்குழல் எவருடையது என்பன சொல்லப்படுவதில்லை, நாமும் கேட்டதில்லை. இத்தனைக்கும் நமது கச்சேரி மரபிலே பக்கவாத்தியக்காரரின் பெயர் துண்டுப்பிரசுரத்தில் இடம்பெறும். தனியாவர்த்தனத்தின்போது பாடகரே ஒதுங்கி இடம் விடுவார். 'பக்கம்' என்னும் அடைமொழியிலே ஏற்றத்தாழ்வு தொனிப்பினும் பெயர் உண்டு. ஒலிப்பதிவுக்கூடத்தினுள் நுழைந்ததும் அப்பெயர் மறைந்துவிடுகிறது. இம்மறைவு தற்செயலானதா, அன்றி ஒரு குறிப்பிட்ட உற்பத்தி முறைமையின் விளைவா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மாதச் சம்பளத்திலிருந்து அமர்வுக் கூலிக்கு

சுயாதீன இசைக்கலைஞர் என நாம் ஈண்டுக் குறிப்பிடுபவர் எந்த நிறுவனத்தினதும் நிரந்தர ஊழியரல்லர். ஒலிப்பதிவு அமர்வு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அழைக்கப்பட்டு, அவ்வமர்வுக்கெனக் கூலி பெற்றுச் செல்பவர். மேற்கு நாடுகளின் தொழிற்சங்க ஒப்பந்தங்களிலே இவ்வமர்வு வழமையாக 3 மணித்தியாலங்களைக் கொண்டது. சென்னைத் திரையுலகில் 'கால்ஷீட்' என்ற சொல் இத்தகைய நேரக் கணக்கைச் சுட்டுகிறது. கருவி கலைஞருடையது. அதனைப் பழுதுபார்க்கும் செலவும், பயிற்சியிற் கழியும் ஆண்டுகளும், அழைப்பு வராத நாட்களின் வறுமையும் அவருடையனவே.

இந்நிலை எப்போதும் இருந்ததன்று. 1930களிலே கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ், பூனாவின் பிரபாத், பம்பாய் ரோக்கீஸ் முதலிய படநிறுவனங்கள் நடிகரையும் தொழில்நுட்பவியலாளரையும் போலவே வாத்தியக்காரரையும் மாதச் சம்பளத்தில் வைத்திருந்தன. 1935இல் நியூ தியேட்டர்ஸ் பின்னணிப் பாடல் முறையை அறிமுகப்படுத்தியபோது நடிப்பவரிலிருந்து குரல் பிரிந்தது. படப்பிடிப்புத் தளத்திலிருந்து இசை பிரிந்து தனியானதொரு கூடத்துக்குச் சென்றது. இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர், யுத்தகாலத்திற் சேர்ந்த பணத்துடன் தனித் தயாரிப்பாளர்கள் படத்தொழிலில் நுழைந்தனர். நிறுவனங்களின் சம்பள முறை தளர்ந்தது. வாத்தியக்காரர் ஒரு கூடத்திலிருந்து மற்றொரு கூடத்துக்கு ஓடும் சுயாதீனரானார்.

இம்மாற்றம் முதலிற் பலருக்கு நன்மையாகவே தோன்றிற்று என்பதை மறைத்தல் கூடாது. 1950களிலும் 60களிலும் வாத்தியக் குழுக்கள் பெருகின. திறமை மிக்கவர் முன்னைய சம்பளத்தைவிட அதிகம் ஈட்டினர். பம்பாயில் இவ்வாறு திரண்டவருட் கோவாவைச் சேர்ந்த கத்தோலிக்கக் கலைஞர் முக்கியமானவர். போர்த்துக்கேய ஆட்சியின்கீழ்த் தேவாலயப் பள்ளிகள் மேனாட்டு இசைக்குறியீட்டைக் கற்பித்திருந்தன. அதனைக் கற்றவர் பம்பாயின் நட்சத்திர விடுதிகளிலே ஜாஸ் குழுக்களில் வாசித்தனர். பின்னர் அவருட் பலர் திரைக்கு வந்தனர். இசையமைப்பாளர் பாடிக்காட்டும் மெட்டைக் குறியீட்டில் எழுதி, எந்தக் கருவி எங்கே எதனை வாசிக்க வேண்டும் என வகுத்தவர்களுள் அந்தனி கொன்சால்வெஸ், செபஸ்தியன் டி சூசா முதலியோர் குறிப்பிடத்தக்கவர். கொன்சால்வெஸின் பெயர் கோடிக்கணக்கானோரின் வாயில் ஒலித்தமை 1977இல் வெளியான 'அமர் அக்பர் அந்தனி' படத்தின் பாடலொன்றினாலேயாகும். இசையமைப்பாளர் இருவருள் ஒருவரான பியாரேலால் அவரிடம் வயலின் பயின்றவர். ஒருவரின் உழைப்பு பெற்றுத்தராத பெயரை மாணவரின் நன்றியுணர்வு ஒரு நகைச்சுவைப் பாடலிலே பெற்றுத்தந்தது.

2. குயிலும் கூலியும்

கலைஞரைத் தொழிலாளி எனல் கலையைச் சிறுமைப்படுத்துவதாகும் என்ற கருத்து நம்மிடையே இன்றும் உண்டு. கார்ல் மார்க்ஸ் உபரி மதிப்புக் கோட்பாடுகள் பற்றிய தமது கையெழுத்துப்படிகளிலே இவ்விடயத்தைத் தெளிவுபடுத்தியுள்ளார். தன் பாட்டைத் தானே விற்கும் பாடகியும், பணம் ஈட்டும் நோக்குடன் ஒரு முதலாளி அமர்த்திப் பாடவைக்கும் அதே பாடகியும் பொருளியல் நோக்கில் ஒன்றல்லர். குரல் அதுவே, பாட்டும் அதுவே. உற்பத்தி உறவு வேறு. இரண்டாம் நிலையில் அவள் மூலதனத்தைப் பெருக்குபவளாகிறாள். எனவே 'தொழிலாளி' என்பது கலையின் தரம் பற்றிய மதிப்பீடன்று. கலைஞர் நிற்கும் சமூக உறவின் பெயர் அது.

மார்க்ஸ் எழுதிய காலத்தில் ஒலிப்பதிவு இல்லை. பாட்டு முடிந்ததும் பாட்டு மறைந்தது. மறுநாள் வருவாய் வேண்டுமெனில் மறுநாளும் அப்பாடகி வேண்டியிருந்தாள். ஒலிப்பதிவு இதனை மாற்றியது. 3 மணித்தியால உழைப்பு ஒரு பண்டத்தில் உறைந்து, உழைத்தவரின்றியே ஆண்டுக்கணக்கில் விற்பனையாகத் தொடங்கிற்று. கூலியோ அந்த 3 மணித்தியாலத்துக்கு மட்டுமே. வால்ற்றர் பென்யமின், அடோர்னோ ஆகியோர் இயந்திர மறுபதிப்புப் பற்றியும் இசையின் பண்டமயமாக்கம் பற்றியும் எழுதியபோது அவர்தம் கவனம் பெரிதும் கலைப்படைப்பின் மீதும் அதனைத் துய்ப்போர் மீதும் சென்றது. கூடத்தினுள் அமர்ந்து வாசித்தவர் மீதும் அக்கவனம் திரும்புதல் வேண்டும்.

அமெரிக்க உதாரணமொன்று இதனை நன்கு விளக்கும். ஜேம்ஸ் பிரவுண் குழுவில் ட்றம்ஸ் வாசித்தவர் கிளைட் ஸ்ரபிள்பீல்ட். 1969இல் ஒலிப்பதிவாகி 1970இல் வெளியான 'ஃபங்கி ட்றம்மர்' பாடலில் அவர் தனித்து வாசித்த சில விநாடிகள், 1980களின் பிற்பகுதி முதல் நூற்றுக்கணக்கான ஹிப்ஹொப் பாடல்களில் வெட்டி ஒட்டப்பட்டன. பாடலாசிரியர் என்ற தகுதி ஜேம்ஸ் பிரவுணுக்கே உரியது. அத்தாள அமைப்பை உருவாக்கியவருக்கு அவ்வுரிமையில் பங்கிருக்கவில்லை. 2017இல் அவர் காலமானார். மெட்டும் சொல்லும் 'ஆக்கம்' எனவும், தாளமும் நாதமும் 'வாசிப்பு' எனவும் சட்டம் வகுத்துவைத்த பிரிவினையின் விளைவு இது.

3. உறைந்த உழைப்பின் ஆதிக்கம்

இறந்த உழைப்பு உயிருள்ள உழைப்பை ஆட்கொள்கிறது என்ற மார்க்சியக் கருத்து, இசைத் தொழிலிலே ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் மெய்யாகியுள்ளது. முன்னர் பாடகரும் வாத்தியக் குழுவினரும் ஒரே மண்டபத்தில் கூடி ஒருசேர இசைத்தனர். ஒருவர் பிழைவிட்டால் யாவரும் மீண்டும் தொடங்கினர். பல்தட ஒலிப்பதிவு இக்கூட்டுழைப்பைப் பிரித்தது. ஒவ்வொருவரும் வெவ்வேறு நாளில் வந்து, காதொலிக் கருவியிற் கேட்பதற்கேற்பத் தம் பகுதியை மட்டும் வாசித்துச் செல்லலாயினர். அடுத்த கட்டமாக, பதிந்துவைத்த வயலின் ஒலியை விசைப்பலகையிலிருந்து எழுப்பும் கருவிகள் வந்தன. என்றோ வாசித்த சில வயலின் கலைஞரின் உழைப்பு, இன்று வாசிக்கக் காத்திருக்கும் பலரின் இடத்தைப் பிடித்தது. 1990களின் முடிவுக்குள் பம்பாயின் பெரும் வாத்தியக் குழுக்கள் கலைந்தமைக்கு இது முதன்மையான காரணமாகும்.

சென்னை வரலாற்றிலே இம்மாற்றத்தின் இரு பக்கங்களையும் ஒரே குடும்பத்திற் காணலாம். மலையாளத் திரையிசையில் வாத்திய அமைப்பாளராக உழைத்த ஆர். கே. சேகர் 1976இல் மறைந்தபோது, அவரது இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே குடும்பம் சீவித்தது. உழைத்தவர் மறைந்த பின்னரும் உற்பத்திச் சாதனம் வருவாய் தந்தது. அவர் வாசித்த இசை அக்குடும்பத்தைக் காக்கவில்லை. அவருடைய மகன் ஏ. ஆர். ரஹ்மான் இளவயதிலேயே பிறர் குழுக்களில் விசைப்பலகை வாசித்துப் பின்னர் சொந்தக் கூடம் அமைத்து, 1992இல் 'ரோஜா' மூலம் அறிமுகமானார். கணினியை மையமாகக் கொண்ட முறை அவர்வழிப் பரவியது. வாத்தியக்காரரின் பெயர்களை இசைத்தட்டு உறைகளில் அச்சிடும் வழக்கமும் அவர்வழியே வலுப்பெற்றது. தொழில்நுட்பம் தன்னளவில் நட்புமன்று, பகையுமன்று என்பதற்கு இது சான்றாகும்.

4. சங்கமும் சட்டமும்

இப்பிரச்சினைக்குக் கூட்டாக விடைதேடிய முயற்சிகளுள் 1942ஆம் ஆண்டு ஓகஸ்ட் 1இல் அமெரிக்க இசைக்கலைஞர் சம்மேளனம் தொடங்கிய ஒலிப்பதிவு மறுப்புப் போராட்டம் முதன்மையானது. 1920களின் இறுதியில் பேசும்படம் வந்ததும் திரையரங்குகளில் வாசித்த பல்லாயிரவர் வேலையிழந்த அனுபவம் அதன் பின்னணியில் இருந்தது. டெக்கா 1943இலும், ஆர்.சி.ஏ. விக்டர், கொலம்பியா ஆகியன 1944இலும் இணங்கின. இசைத்தட்டு விற்பனையில் ஒரு பங்கை, வேலையற்ற கலைஞருக்குத் தொழிலளிக்கும் பொதுநிதிக்கு வழங்க அவை உடன்பட்டன. தனியொருவர் உரிமை கோருவதிலும் பார்க்க, பதிவினால் வேலையிழந்தோர் யாவருக்கும் பதிவின் வருவாயிற் பங்கு கோரிய இச்சிந்தனை விதந்துரைக்கத்தக்கது. ஆயின் பாடகர் பலர் அச்சம்மேளன உறுப்பினரல்லர். போராட்ட காலத்தில் அவர்கள் வாத்தியமின்றிக் குழுக்குரல்களின் துணையுடன் ஒலிப்பதிவு செய்தனர். பாடகரும் வாத்தியக்காரரும் பிரிந்து நின்றமை முதலாளிகளுக்கு வாய்ப்பாயிற்று.

சட்டங்களோ தயக்கத்துடனேயே நகர்ந்தன. 1961ஆம் ஆண்டின் ரோம் உடன்படிக்கை நிகழ்த்துநரின் உரிமையை ஏற்றது. எனினும் ஒலிபரப்புக்கான ஊதியம் நிகழ்த்துநருக்கோ, ஒலிப்பதிவுத் தயாரிப்பாளருக்கோ, இருவருக்குமோ செல்லலாம் என அது கூறுகிறது. அந்த 'அல்லது' என்னும் சொல்லிலே ஒரு வர்க்கத்தின் பலம் அடங்கியுள்ளது. இந்தியாவில் 1994இன் திருத்தம் நிகழ்த்துநர் உரிமையையும், 2012இன் திருத்தம் வணிகப் பயன்பாட்டில் உரிமப் பங்கையும் வழங்கின. ஆயின் 2012இன் அதே திருத்தம், திரைப்படமொன்றில் ஒருவரது நிகழ்த்துகை தற்செயலானதாகவோ துணைமையானதாகவோ இருந்து, தொழில் வழமைப்படி அவர் பெயர் எங்கும் குறிக்கப்படாதவிடத்து, அவரை நிகழ்த்துநராகக் கொள்ள வேண்டியதில்லை என்றும் விதித்தது. நற்பெயருக்கு ஊறு விளைக்கும் வகையில் நிகழ்த்துகை சிதைக்கப்படுவதையோ திரிக்கப்படுவதையோ தடுக்கும் தார்மீக உரிமை மட்டுமே இதற்கு விலக்கு. பெயர் குறிக்கப்படாமை ஒரு காலத்தில் அநீதியின் விளைவாக மட்டுமே இருந்தது. இப்போது உரிமையை மறுக்கும் சட்டக் காரணமாகவும் அது பயன்படக்கூடும். இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நிகழ்த்துநர் உரிமையை ஏற்றுள்ளது. ஏட்டிலுள்ள உரிமையை வருவாயாக மாற்றுவதற்கு அதனைக் கேட்டுப் பெறும் அமைப்பு வேண்டும்.

5. வீட்டறையிலுள்ள கூடம்

இன்றைய சுயாதீன இசைத் தயாரிப்பாளர் தம் வீட்டறையிலே கணினியும் ஒலிவாங்கியும் கொண்டு மெட்டமைக்கிறார், வாசிக்கிறார், பதிகிறார், ஒலிக்கலவையும் செய்கிறார். உற்பத்திச் சாதனம் தொழிலாளியின் கைக்கு வந்துவிட்டதெனச் சிலர் மகிழ்வர். கூடத்துக்கு வாடகை செலுத்த இயலாத ஏழை இளைஞரும் பெண்களும் இதனால் இத்துறைக்குள் வர முடிந்தமை மெய்யே. ஆயின் முன்பு நால்வர் கூலி பெற்ற வேலையை ஒருவர் செய்கிறார். விநியோகமோ அவர் கையில் இல்லை. ஸ்பொட்டிபை நிறுவனம் 2024 முதல், முந்திய 12 மாதங்களில் 1000 முறைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாடல்களுக்கு ஒலிப்பதிவு உரிமப் பங்கை நிறுத்தியது. தறி வீட்டிலிருக்க நூலும் சந்தையும் வணிகரிடமிருந்த பழைய நெசவாளரின் நிலையை இது நினைவூட்டுகிறது.

தொழிலாளி இரு வகையிற் 'சுதந்திரமானவர்' என மார்க்ஸ் கூறுவார்: தன் உழைப்புச் சக்தியை எவருக்கும் விற்கலாம்; விற்பதற்கு அதனைவிட வேறெதுவும் அவரிடம் இல்லை. சுயாதீன இசைக்கலைஞரிடம் ஒரு வயலினோ கணினியோ இருப்பதனால் இவ்வுண்மை மறைந்து நிற்கிறது. அதனை வெளிப்படுத்துதல் ஆய்வாளரின் கடமையாகும். திரையிசை பற்றி நமது பல்கலைக்கழகங்களில் நிகழும் ஆய்வுகள் பாடலாசிரியரையும் இசையமைப்பாளரையும் கடந்து செல்வது அரிது. வாசித்தவரின் பெயர், பெற்ற கூலி, ஒப்பந்தத்தின் தன்மை ஆகியன முதியவர் உயிருடன் இருக்கும்போதே சேகரிக்கப்படுதல் வேண்டும். பெயரில்லாதவருக்கு உரிமையில்லை எனச் சட்டம் கூறத் தலைப்பட்ட வேளையிலே, பெயர்களைத் திரட்டுதல் வரலாற்றுப் பணி மட்டுமன்று. அவர்தம் உரிமைப் போராட்டத்தின் முதற் பணியுமாகும்.