பல கணிப்பொறிகளுக்கு ஒரு பிரிண்டர்

பெங்களூர் நகரின் கிழக்கில், காக்ஸ் டவுனை அடுத்துள்ள ஜீவனஹள்ளி போன்ற பகுதிகளில் இயங்கும் சிறு அலுவலகங்களில், மூன்று நான்கு கணிப்பொறிகளுக்கு ஒரே லேசர் பிரிண்டர் இருப்பது சாதாரணம். பள்ளி அலுவலகங்களின் நிலையும் இதுவே. பிரிண்டர் எவருடைய கணிப்பொறியோடு இணைக்கப்பட்டுள்ளதோ, அவர் விடுப்பில் சென்றால் ஏனையோரின் வேலை நின்றுவிடும். இல்லையேல், பென் டிரைவில் கோப்பை ஏற்றிக்கொண்டு அவருடைய மேஜையருகே காத்திருக்க வேண்டும். கோப்புடன் வைரஸும் வந்து சேருவது உண்டு. இக்குறையை நீக்கும் சாதனமே பிரிண்ட் சர்வர் ஆகும்.

இத்தேவை புதியதன்று. அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில், கேரி ஸ்டார்க்வெதர் 1971-ஆம் ஆண்டில் லேசர் பிரிண்டரை உருவாக்கினார். விலையுயர்ந்த அந்த ஒரே யந்திரத்தை நிலையத்தின் ஆல்டோ கணிப்பொறிகள் யாவும் பயன்படுத்த வேண்டியிருந்தது. 1973-இல் ராபர்ட் மெட்காஃப் அமைக்க முற்பட்ட ஈதர்நெட் வலையமைப்புக்கு இதுவும் ஒரு காரணம். இன்று உலகெங்கும் அலுவலகங்களில் ஓடும் கம்பிவழி வலையமைப்பு, பிரிண்டரைப் பகிர்ந்து கொள்ளும் தேவையோடு சேர்ந்து பிறந்தது எனலாம்.

பிரிண்ட் சர்வரின் பணி, தபால் நிலைய எழுத்தரின் பணியை ஒத்தது. பல மேஜைகளிலிருந்து வரும் வேலைகளைப் பெற்று, ஒவ்வொன்றையும் முதலில் தன் வட்டில் எழுதி வைத்துக் கொள்கிறது. பின்னர் அவற்றைப் பிரிண்டருக்குப் புரியும் வடிவில் மாற்றி, வரிசைப்படி அனுப்புகிறது. தமிழ்ப் பக்கங்களை அனுப்புவோர் ஒன்றைக் கவனித்தல் நலம். எழுத்துரு உள்ளடக்கப்பட்ட பி.டி.எஃப். கோப்பாக அனுப்பினால், சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லாவிடினும் அச்சு பிழையின்றி வரும். உள்ளடக்காவிடில் எழுத்துகளுக்குப் பதில் கட்டங்கள் வரக்கூடும்.

இதற்குப் புதிய கணிப்பொறி வேண்டியதில்லை. ஒதுக்கி வைத்த பழைய மேஜைக் கணிப்பொறியில் லினக்ஸும், 'கப்ஸ்' என்னும் இலவச மென்பொருளும் நிறுவினால் போதும். கப்ஸ் 1999-இல் முதன்முதல் வெளியிடப்பட்டது. மின்செலவைக் குறைக்கக் கருதிச் சிலர் ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கை அளவுக் கணிப்பொறியை நாடுவர். ஆனால், நம் அலுவலகங்களில் பரவலாக உள்ள கேனான் எல்.பி.பி. 2900 பிரிண்டருக்கு அந்நிறுவனம் அளித்த லினக்ஸ் டிரைவர் இன்டெல் வகைச் செயலிகளுக்காக எழுதப்பட்டது; ராஸ்பெரி பையில் அது நேரடியாக இயங்காது. வாங்குவதற்கு முன் இதை விசாரித்துக் கொள்ள வேண்டும்.

சர்வருக்கு மாறாத ஐ.பி. முகவரி ஒன்றை ரூட்டரில் ஒதுக்குதல் அவசியம். முகவரி மாறினால் எல்லாக் கணிப்பொறிகளும் ஒருங்கே பிரிண்டரை இழந்துவிடும். பிரிண்டரை யு.எஸ்.பி. கம்பியால் சர்வருடன் இணைத்து, கப்ஸில் அதற்கு ஒரு பெயரிட்டு, பகிர அனுமதிக்க வேண்டும். பின்னர் ஏனைய கணிப்பொறிகளில் சர்வரின் முகவரி, 631 என்னும் போர்ட் எண், பிரிண்டரின் பெயர் ஆகியவற்றைக் கொடுத்துச் சேர்க்கலாம்.

மின்தடை உள்ள ஊர்களில் ஒரு விசேஷத் தொல்லை எழுகிறது. லேசர் பிரிண்டரின் சூடேற்றும் உருளை மிகுந்த மின்சாரத்தை இழுப்பதால் அதைச் சிறிய யு.பி.எஸ். உடன் இணைத்தல் கூடாது. சர்வரை மட்டும் இணைக்கலாம். ஆகவே மின்சாரம் நின்றவுடன் பிரிண்டர் அணைகிறது, சர்வர் விழித்திருக்கிறது. ஹெச்.பி. லேசர்ஜெட் 1020 போன்ற மலிவு விலைப் பிரிண்டர்கள் தம்மை இயக்கும் நிரலைத் தம்முள் நிலையாக வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு முறை உயிர்பெறும்போதும் கணிப்பொறியிடமிருந்து அதைப் பெற்றாக வேண்டும். பெறாவிடில், விளக்கு எரிந்தும் காகிதம் நகராது. பிரிண்டர் பழுது என்று எண்ணிப் பலர் மெக்கானிக்கை அழைப்பதும் இதனால்தான். பிரிண்டர் மீண்டும் இணைந்ததை உணர்ந்தவுடன் நிரலைத் தானே அனுப்பும் ஏற்பாட்டைச் சர்வரில் செய்துவிட்டால் தொல்லை தீரும். நிறுவி முடித்தபின் பிரிண்டரின் ஸ்விட்சை ஒருமுறை அணைத்துப் போட்டு, இதைச் சோதிக்க வேண்டும்.

பாதுகாப்பையும் அலட்சியம் செய்தலாகாது. 2024 செப்டம்பரில், வலையமைப்பில் பிரிண்டர்களைத் தானே தேடும் 'கப்ஸ் பிரவுஸ்டு' என்னும் துணை நிரலில் கடுமையான குறை ஒன்று வெளியாயிற்று. ஒரே பிரிண்டர் உள்ள அலுவலகத்திற்கு அந்நிரல் தேவையில்லை, நிறுத்திவிடலாம். சர்வரை இணையத்திலிருந்து அணுக இயலாதபடியும், வருவோரின் கைப்பேசிகள் தனி வைஃபையில் இருக்கும்படியும் அமைத்தல் வேண்டும்.

ஆசிரியர்கள் குறிப்பாக அறியவேண்டியது மற்றொன்று. அச்சாகி முடிந்த கோப்பைக் கப்ஸ் உடனே அழிப்பதில்லை. வேறு கட்டளை இல்லாவிடில் ஒரு நாள் வரை வைத்திருக்கும். காலையில் அச்சிட்ட வினாத்தாள் மாலையிலும் சர்வரின் வட்டில் இருக்கும். நிர்வாகக் கடவுச்சொல் அறிந்தவர் அதை மறுபடி அச்சிட்டுக் கொள்ளலாம். அமைப்புக் கோப்பில் 'பிரிசர்வ் ஜாப் ஃபைல்ஸ்' என்னும் விதிக்கு 'நோ' என எழுதினால், அச்சு முடிந்தவுடன் கோப்பு நீக்கப்படும். காகிதம் சிக்கிப் பக்கம் பாழானால் அப்போது மூலக் கோப்பிலிருந்தே மீண்டும் அனுப்ப நேரும். தேர்வுக் காலத்தில் அச்சிரமம் ஏற்கத் தக்கதே. நீக்கிய கோப்பையும் தக்க கருவிகளால் மீட்க இயலுமாதலால், பழைய கணிப்பொறியைக் கழிக்கும் நாளில் அதன் வட்டைக் கழற்றி அழித்த பின்னரே பழைய சாமான் வியாபாரிக்குக் கொடுக்க வேண்டும்.