ஷூ ரேக்கில் பாம்பு... கம்பைத் தேடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, பத்தரை மணி இருக்கும். எங்கள் அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ வந்து விழுந்தது. தரைத்தளத்து வீட்டு வாசலில் ஷூ ரேக், கீழ்த்தட்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் ஷூ, அதற்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் பழுப்பு நிறத் தலை. அவ்வளவுதான், மெசேஜ் மழை. `கட்டுவிரியன்' என்றார் ஒருவர். `நல்ல பாம்புக் குட்டி, தாய் பக்கத்துலதான் இருக்கும்' என்றார் இன்னொருவர். மூன்றாவது மாடியிலிருந்து ஓர் அண்ணன் கிரிக்கெட் பேட்டோடு இறங்கினார். நான் கீழே போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. செத்துக் கிடந்தது ஒரு வெள்ளிக்கோல் வரையன். விஷமே கிடையாது. சுவரில் பல்லி பிடிக்க வந்த பாம்பு.

எங்கள் வீடு பள்ளிக்கரணைப் பக்கம். இந்த ஏரியாவில் வீடு விற்கும்போது `லேக் வியூ' என்பார்கள். அந்த வியூவில் லேக் மட்டும் இருக்காது என்பதை எந்த புரோக்கரும் சொல்வதில்லை. ஒருகாலத்தில் பல ஆயிரம் ஹெக்டேருக்குப் பரந்து கிடந்த சதுப்பு நிலம் இது. குப்பைக்கிடங்கு, ரோடு, ஐ.டி. ஆபீஸ், நம்ம அப்பார்ட்மென்ட் என்று வந்து வந்து, மிச்சமிருப்பது சின்னத் துண்டுதான். 2022-ல் அதற்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. ஆனால், `இது வரைதான் உன் எல்லை' என்று பாம்புக்கு யார் சொல்வது?

பாம்பு மட்டுமல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்த ராத்திரி, தாம்பரத்தை அடுத்த நெடுங்குன்றம் பக்கம் ஒரு முதலை ஹாயாக ரோட்டைக் கடந்துபோன வீடியோ ஞாபகம் இருக்கிறதா? பலர் அது எடிட்டிங் என்று நினைத்தார்கள். அந்தப் பகுதி ஏரிகளில் சதுப்பு நில முதலைகள் இருப்பது அங்கே இருப்பவர்களுக்குப் பழைய செய்தி. நன்மங்கலம் காப்புக்காட்டை ஒட்டியிருப்பவர்களுக்குக் கொம்பன் ஆந்தை பக்கத்து வீட்டுக்காரர். உடும்பும் கீரியும் காம்பவுண்டு சுவரில் நடமாடுவது சென்னைப் புறநகரில் சாதாரணம். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் ராத்திரி யாரோ ஓடுகிற சத்தம் கேட்டால், அது பேய் இல்லை. எலியாக இருக்கலாம், மரநாயாகவும் இருக்கலாம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிற வடகிழக்குப் பருவமழைதான் இவர்கள் எல்லோரையும் வெளியே கிளப்புகிறது. வளைக்குள் தண்ணீர் புகுந்தால் எலி மேடு தேடும், எலிக்குப் பின்னால் பாம்பும் வரும். சுற்றுவட்டாரத்திலேயே உயரமான, காய்ந்த இடம் எது? உங்கள் கார் பார்க்கிங்.

சரி, எது விஷப்பாம்பு? தமிழ்நாட்டில் உயிருக்கு ஆபத்தான கடிகளுக்குப் பெரும்பாலும் காரணம் நான்கு பாம்புகள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். படமெடுப்பதால் நல்ல பாம்பை எல்லோருக்கும் தெரியும். கண்ணாடி விரியன் தடிமனாக, முதுகில் சங்கிலி கோத்ததுபோல நீள்வட்டப் புள்ளிகளோடு இருக்கும். குக்கர் விசில் வருகிறதுபோல உரக்கச் சீறும். சிலர் அதை மலைப்பாம்புக் குட்டி என்று கையில் எடுத்துக் கடிபட்டிருக்கிறார்கள். சுருட்டை ரொம்பச் சின்னது, வறண்ட கல்லாங்குத்துப் பகுதிகளில் அதிகம்.

குழப்பமே கட்டுவிரியனில்தான். எங்கள் ஷூ ரேக் விருந்தாளியும் அதுவும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கட்டுவிரியன் பளபளப்பான கறுப்பு. வெள்ளைப் பட்டைகள் ஜோடி ஜோடியாக இருக்கும், தலைப்பக்கம் மங்கலாகவோ இல்லாமலோ இருந்து, வால்பக்கம் போகப்போகத் தெளிவாகும். வெள்ளிக்கோல் வரையனில் இது தலைகீழ். கழுத்துப் பக்கம் பட்டை தெளிவாக இருக்கும், வாலை நோக்கி மங்கும். அது சுவரில் சரசரவென ஏறும். கட்டுவிரியன் அப்படி ஏறுவது அபூர்வம். இதெல்லாம் தெரிஞ்சுக்கிறது நல்லதுதான். ஆனா, ராத்திரி பத்தரை மணிக்கு போன் டார்ச் வெளிச்சத்தில் பட்டையை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். சந்தேகம் என்றால் விஷப்பாம்பு என்றே வைத்துக்கொண்டு தள்ளி நில்லுங்கள்.

ரெண்டு மீட்டருக்கு மேல் தள்ளி நின்றால் போதும், பாம்பு உங்களைத் துரத்தி வந்து கடிக்காது. குழந்தைகளையும் நாயையும் உள்ளே அனுப்பிவிட்டு, மற்ற அறைக் கதவுகளைச் சாத்துங்கள். கதவுக்குக் கீழே இருக்கிற இடுக்கில் டவலைச் சுருட்டி வையுங்கள். ஒருவர் மட்டும் பாம்பின் மேல் கண் வைத்திருக்கட்டும். `சோபாவுக்கு அடியில போச்சு, அப்புறம் காணோம்' என்பதுதான் பிடிக்க வருபவர்களுக்குப் பெரிய தலைவலி. 101-க்கு போன் பண்ணினால் தீயணைப்புத் துறையினர் வருவார்கள், வனத்துறைக்கும் சொல்லலாம். அடிக்கப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கடிபடுகிறவர்களில் நிறைய பேர் பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ போனவர்கள். தவிர, 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாம்பைக் கொல்வது குற்றம். அந்த கிரிக்கெட் பேட் அண்ணனுக்கு இது தெரியாது. அன்றைக்கு எனக்கும் தெரியாது.

விரட்டுவதற்கு வீட்டு வைத்தியம்? வாசலில் ஆகாச கருடன் கிழங்கு கட்டுவது, தொட்டியில் சிறியாநங்கை வளர்ப்பது, பூண்டுத் தண்ணீர், பினாயில், ரசகற்பூரம்... எதற்கும் பாம்பு அசையாது. உருளைக்கிழங்கு வேகிற வாசனை வந்தால் பாம்பு கொட்டாவி விடுகிறது என்று என் பாட்டி சொல்லும். புதரோரம் வளர்கிற பூலாச் செடியின் பூ சாயங்காலத்தில் அப்படித்தான் மணக்கும், பாவம் பாம்பு மேல் பழி. சாரையும் நல்ல பாம்பும் `இணையும்' என்று ஷேர் ஆகிற வீடியோக்களில் இருப்பவை பெரும்பாலும் ரெண்டு ஆண் சாரைகள், சண்டை போடுகின்றன. கடித்தவன் எரிகிறானா என்று மரமேறிப் பார்க்குமாம் கொம்பேறி மூக்கன். அது மரத்தில் இருப்பது பல்லிக்கும் தவளைக்கும்தான். மனுஷனுக்கு அதனால் ஆபத்து இல்லை.

நிஜமாகவே பலன் தருவது போரடிக்கிற வேலைகள். பாத்ரூம் அவுட்லெட்டில் சல்லடை, கதவுக்கடியில் ரப்பர் பட்டை, வீட்டை ஒட்டிக் குவித்த செங்கலையும் பழைய டைல்ஸையும் அப்புறப்படுத்துவது, ஷூவைத் தட்டிவிட்டுப் போடுவது, மழை நாளில் டூவீலரை எடுக்கும் முன் ஹெட்லைட் இடுக்கைப் பார்ப்பது. எல்லாவற்றுக்கும் மேல் குப்பை. தெருநாய்க்கு வைத்த மீதிச் சோறு ராத்திரி முழுக்கக் கிடந்தால் எலி வரும். எலி வந்தால் யார் வருவார் என்று சொல்ல வேண்டியதில்லை. இதில் சாரைப்பாம்பு நம்ம கட்சி, விஷமில்லாமல் எலியைத் தின்று தீர்ப்பது. அதை அடித்துக் கொன்றால் எலிக்குத்தான் கொண்டாட்டம்.

இவ்வளவு பேசிவிட்டு, பயத்தை வெறும் மூடநம்பிக்கை என்று சொல்லிவிட முடியாது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. வருஷத்துக்கு ஏறக்குறைய 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்து ஏழைகள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை, மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. எங்கே எத்தனை கடி என்ற கணக்கே சரியாக இல்லாமல், எந்த ஊருக்கு எவ்வளவு மருந்து அனுப்புவது?

கடித்துவிட்டால்? கயிறு கட்ட வேண்டாம், பிளேடால் கீற வேண்டாம், வாய் வைத்து உறிஞ்ச வேண்டாம், ஐஸ் வேண்டாம். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள், வீங்கினால் அவையே எமனாகும். கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிந்ததுபோல ஸ்கேல், அட்டை வைத்து அசையாமல் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். 108-ஐ அழையுங்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். பாம்பைத் தேடிப் பிடித்து எடுத்துப்போக வேண்டாம், மருந்து நான்கு பாம்புக்கும் ஒன்றேதான். கண்ணாடி விரியன் ரத்தம் உறைவதைக் கெடுக்கும் என்பதால், டாக்டர்கள் கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை 20 நிமிஷம் ஆடாமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். `சும்மா நிக்க வச்சிருக்காங்க' என்று சண்டை போடாதீர்கள். குழந்தைக்கும் பெரியவர் அளவுக்கே மருந்து ஏற்றுவார்கள், ஆளைப் பார்த்துப் பாம்பு விஷத்தைக் குறைப்பதில்லையே.

அந்த மருந்தும் நம் ஊர்ப் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஈ.சி.ஆரில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்குகிற இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம், பாம்பைப் பிடித்து, சில வாரம் வைத்து விஷம் எடுத்துவிட்டு, மறுபடி விட்டுவிடுகிறது. அந்த விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தி மருந்து தயாராகிறது. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

கட்டுவிரியனைப் பற்றி ஒன்று மிச்சம் இருக்கிறது. அது ராத்திரியில் நடமாடும், தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும், பல நேரம் வலியே இருக்காது. கொசு என்று நினைத்துப் புரண்டு படுத்துவிடுவார்கள். விடியற்காலையில் வயிற்று வலி, கண் இமை தொங்கும், பேச்சு குழறும், அப்புறம் மூச்சுத் திணறும். தரையில் படுத்தவர் இப்படி எழுந்தால், கடித்த தடம் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கட்டிலும், ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிய கொசுவலையும் இதற்கு நல்ல பாதுகாப்பு.

எட்டு மாடி அப்பார்ட்மென்ட்டில் தரையில் படுப்பது யார்? எங்கள் செக்யூரிட்டி தாத்தா, கேட் பக்கத்து ரூமில், ஒரு பாய் மேல். பக்கத்து சைட்டில் தகர ஷெட்டில் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள். விடியும் முன் செடிப் பக்கம் பெருக்க வரும் அக்கா. ஷூ ரேக் போட்டோவுக்குப் பதறிய எங்களில் யாரும் அன்றைக்கு இவர்களை நினைக்கவில்லை, நானும்தான். போன மாத அசோசியேஷன் மீட்டிங்கில் தாத்தாவுக்கு ஒரு கட்டில், கொசுவலை, அக்காவுக்கு கம்பூட், டார்ச் என்று எழுதிக் கொடுத்தேன். ஜிம் டிரெட்மில் ரிப்பேர் விஷயம் நீண்டதால், அடுத்த மீட்டிங்குக்குத் தள்ளிவிட்டார்கள். கட்டிலை மட்டும் நாங்கள் மூன்று வீடு சேர்ந்து வாங்கிப் போட்டுவிட்டோம். கொசுவலை ஆர்டர் போட்டாச்சு, வியாழக்கிழமை வருகிறதாம்.