கால்பந்துப் போட்டிகளில் டிக்கெட் விலையும் பயணச் செலவும்

கால்பந்துப் போட்டியை அரங்கில் நேரில் காண்பவர்களின் எண்ணிக்கை பல காரணங்களால் கூடவும் குறையவும் செய்கிறது. அணியின் ஆட்டத்தரம், எதிரணியின் பெயர், வானிலை, போட்டி நடக்கும் கிழமை, தொலைக்காட்சி நேரலை ஆகியவை அவற்றுள் சில. ரசிகரின் பணப்பையை நேரடியாகத் தொடுபவை டிக்கெட் விலையும், அரங்கிற்குச் சென்று திரும்பும் செலவும் ஆகும். விலை ஏறினால் கூட்டம் குறையும் என்பது யாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இங்கிலாந்தில் 1990-களுக்குப் பிறகு டிக்கெட் விலை பன்மடங்கு உயர்ந்தபோது கூட்டமும் சேர்ந்தே உயர்ந்தது. இந்த முரணைப் புரிந்துகொள்ள, எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு யார் வந்தார்கள், யார் வராமல் நின்றுவிட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் விலை ஏறிய வரலாறு

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1948–49 பருவத்தில் இங்கிலாந்து லீக் போட்டிகளைக் காண 4.12 கோடிக்கும் மேற்பட்டோர் வந்தனர். அந்த எண்ணிக்கை பின்னர் ஒருபோதும் எட்டப்படவில்லை. அக்கால அரங்குகள் பெரும்பாலும் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நடுவே இருந்தன. சனிக்கிழமை அரைநாள் வேலை முடித்தவர் நடந்தோ பேருந்திலோ அரங்கை அடைந்து, வாயிலிலேயே சில்லறையைக் கொடுத்து உள்ளே போய், படிக்கட்டுத் தளத்தில் நின்றபடி ஆட்டம் பார்த்தார். பயணச் செலவு என்று தனியாக எண்ணுவதற்கு அதிகம் இருக்கவில்லை.

1985–86 பருவத்தில் அந்தக் கூட்டம் 1.65 கோடியாகச் சுருங்கியது. அப்போது டிக்கெட் விலை இன்றைய அளவில் மிகக் குறைவு என்பதைக் கவனிக்க வேண்டும். அரங்குகளின் பாழடைந்த நிலை, ரசிகர்களிடையேயான வன்முறை, வேலையின்மை ஆகியவை மக்களை விலக்கின. 1985 மே மாதத்தில் மட்டும் பிராட்ஃபோர்டு அரங்கின் தீ விபத்தில் 56 பேரும், பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்சல் அரங்கில் 39 பேரும் இறந்தனர். விலை மலிவாக இருப்பதாலேயே கூட்டம் வந்துவிடாது என்பதற்கு அந்த ஆண்டே சான்று.

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் ஏற்பட்ட நெரிசல் 97 லிவர்பூல் ரசிகர்களின் உயிரைப் பறித்தது. விசாரணை நடத்திய நீதிபதி டெய்லர், 1990 ஜனவரியில் அளித்த இறுதி அறிக்கையில், பெரிய அரங்குகளில் நிற்கும் தளங்களை நீக்கி அனைவருக்கும் இருக்கை அமைக்கப் பரிந்துரைத்தார். இருக்கை போட்டால் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விடுமே என்ற அச்சம் அப்போதே எழுந்தது. அப்படி ஆக வேண்டியதில்லை என்று கருதிய டெய்லர், கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் அரங்கில் இருக்கைக்கு 6 பவுண்டு மட்டுமே வசூலிக்கப்படுவதை எடுத்துக்காட்டினார்.

நடந்தது வேறு. 1992-இல் பிரீமியர் லீக் தொடங்கியது. அரங்குகள் புதுப்பிக்கப்பட்டன, தொலைக்காட்சிப் பணம் கொட்டியது, உலக நட்சத்திரங்கள் வந்தனர், டிக்கெட் விலையும் ஏறியது. மான்செஸ்டர் யுனைடெட் அரங்கில் 1989–90 பருவத்தில் மிகக் குறைந்த கட்டணம் 3.50 பவுண்டு, 2011-இல் அது 28 பவுண்டு. பொது விலைவாசி ஏறத்தாழ இரு மடங்கான காலத்தில் இந்த டிக்கெட் எட்டு மடங்கானது. கழகங்கள் டெய்லரின் பரிந்துரையில் இருக்கையை எடுத்துக்கொண்டன. ஆறு பவுண்டை விட்டுவிட்டன.

விலை ஏறியும் கூட்டம் குறையாதது ஏன்?

ஒரு பொருளின் விலை மாறும்போது அதை வாங்குவோரின் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதைப் பொருளியலில் தேவை நெகிழ்ச்சி என்பர். விலை 10 சதவீதம் ஏறும்போது வாங்குவோர் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே குறைந்தால் அது நெகிழ்ச்சி குறைந்த தேவை. ஓர் எடுத்துக்காட்டு: 30 பவுண்டு விலையில் 20,000 பேர் வரும் அரங்கின் வசூல் 6 லட்சம் பவுண்டு. விலையை 33 பவுண்டாக்கியதும் ஆயிரம் பேர் நின்றுவிட்டாலும், மீதமுள்ள 19,000 பேரிடமிருந்து 6.27 லட்சம் பவுண்டு கிடைக்கும். கழகத்துக்கு லாபம்தான்.

கால்பந்து டிக்கெட்டுக்கான தேவை இவ்வகையைச் சேர்ந்தது என்றே பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன. காரணம் எளிது. பால் விலை ஏறினால் வேறு நிறுவனப் பாலுக்கு மாறலாம். எவர்டன் ரசிகர் விலை ஏறியதற்காக லிவர்பூல் ரசிகராக மாறுவதில்லை. தந்தையிடமிருந்து மகளுக்கோ மகனுக்கோ வந்து சேர்ந்த பற்றை வைத்து விலை நிர்ணயிக்கும் வாய்ப்பு மற்ற வணிகர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை.

அப்படியானால் கழகங்கள் விலையை இன்னும் ஏற்றாமல் ஏன் விட்டுவைக்கின்றன என்ற கேள்வி ஆய்வாளர்களை நெடுநாள் குழப்பியது. உள்ளே வருபவர் உணவு, பானம், கழகச் சட்டை என மேலும் செலவிடுகிறார் என்பது ஒரு விடை. நிரம்பிய அரங்கின் ஆரவாரம் இல்லாமல் தொலைக்காட்சி ஒளிபரப்பு சோபிப்பதில்லை என்பது இன்னொன்று. இப்போது பிரீமியர் லீக் கழகங்களின் மொத்த வருமானத்தில் போட்டிநாள் வசூல் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான்.

வருகைக் கணக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. இங்கிலாந்தில் அறிவிக்கப்படும் பார்வையாளர் எண்ணிக்கை பெரும்பாலும் விற்ற டிக்கெட்டுகளின் எண்ணிக்கையே. சீசன் டிக்கெட் வாங்கிவிட்டு, குளிர்கால செவ்வாய் இரவில் வீட்டிலேயே இருந்துவிட்டவரும் வந்தவராகவே எண்ணப்படுகிறார். தொலைக்காட்சித் திரையில் வெற்று இருக்கைகள் தெரியும்போதே அரங்கு நிறைந்ததாக அறிவிப்பு வருவது இதனால்தான்.

சீசன் டிக்கெட்டுக்குக் காத்திருப்போர் பட்டியல் உள்ள பெரிய கழகங்களில், விலை ஏற்றத்தின் விளைவு எண்ணிக்கையில் தெரிவதே இல்லை. ஒருவர் விலகினால் பட்டியலிலிருந்து இன்னொருவர் வந்து அமர்கிறார். இருக்கை நிறைந்தே இருக்கிறது, அமர்ந்திருப்பவர் மாறுகிறார். முதலில் விலகுபவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், குறைந்த வருமானத்தினர், பிள்ளைகளை அழைத்துவர வேண்டிய பெற்றோர். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு விலை ஏற்றம் நான்கு முறை விழுகிறது.

பயணச் செலவை அளத்தல்

1947-இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஹெரால்டு ஹோட்டெலிங், தேசியப் பூங்காக்களின் மதிப்பை அறிய ஒரு வழியை அந்நாட்டுப் பூங்காத் துறைக்குக் கடிதம் மூலம் தெரிவித்தார். பூங்காவுக்குள் நுழையும் கட்டணம் எல்லோருக்கும் ஒன்றே. ஆனால் தொலைவிலிருந்து வருபவர் பயணத்துக்கு அதிகம் செலவிடுகிறார். ஆகவே தொலைவு கூடக்கூட மக்கள் வருகை எவ்வாறு குறைகிறது என்று பார்த்தால், விலை கூடினால் என்ன ஆகும் என்பதை ஊகிக்கலாம் என்பது அவர் கருத்து. பயணச் செலவு முறை என்று வழங்கும் இந்த உத்தியை, டேவிட் ஃபாரஸ்ட், ராபர்ட் சிம்மன்ஸ், பேட்ரிக் ஃபீஹன் ஆகியோர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் இங்கிலாந்துக் கால்பந்துக்குப் பயன்படுத்தினர்.

டிக்கெட் விலையை மட்டும் வைத்து அளக்கும் நெகிழ்ச்சி ஏன் குறைவாகத் தெரிகிறது என்பதற்கும் இங்கே ஒரு விளக்கம் கிடைக்கிறது. ஒரு ரசிகரின் மொத்தச் செலவில் டிக்கெட் பாதி என்று கொள்வோம். டிக்கெட் 10 சதவீதம் ஏறினால் அவருடைய மொத்தச் செலவு 5 சதவீதம்தான் ஏறுகிறது. அதனால் அவர் டிக்கெட் ஏற்றத்துக்கு மந்தமாகவே பதில் தருவதுபோல் தோன்றும். மொத்தச் செலவை வைத்து அளந்தால் நெகிழ்ச்சி இரு மடங்காகத் தெரியும். பணத்தோடு நேரமும் செலவுதான். அரங்கு தெருமுனையில் இருப்பவருக்கு இரண்டரை மணி நேரம் போதும். தொலைவிலிருந்து வருபவருக்கு நாள் முழுவதும் போய்விடுகிறது.

வெளியூர் ரசிகர்கள்

இந்தச் சுமை முழுமையாக விழுவது, தம் அணி வெளியூரில் ஆடும்போது உடன் செல்பவர்கள்மீது. பிரீமியர் லீக் விதிப்படி வருகை தரும் அணியின் ரசிகர்களுக்கு 3,000 டிக்கெட்டுகளோ, அரங்கின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கோ, இவற்றில் எது குறைவோ அது ஒதுக்கப்பட வேண்டும். நியூகாசிலிலிருந்து போர்ன்மத் செல்ல சாலைவழி சுமார் 560 கிலோமீட்டர். ஆட்டம் முடிந்து அதே தொலைவு திரும்ப வேண்டும்.

2013 ஜனவரியில் லண்டன் எமிரேட்ஸ் அரங்கில் ஆர்சனலுடன் மோதிய மான்செஸ்டர் சிட்டியின் ரசிகர்களுக்கு டிக்கெட் 62 பவுண்டு. ஒதுக்கப்பட்ட சுமார் 3,000 டிக்கெட்டுகளில் 912 விற்காமல் திரும்பின. சிட்டி அப்போதைய லீக் சாம்பியன். அணி மோசமாக ஆடியது என்று யாரும் சொல்ல முடியாது. வந்தவர்கள் விலையைக் கண்டித்துப் பதாகை பிடித்தனர். அதே ஆண்டில் கால்பந்து ஆதரவாளர் கூட்டமைப்பு, வெளியூர் டிக்கெட்டுக்கு 20 பவுண்டு போதும் என்ற இயக்கத்தைத் தொடங்கியது.

2016 பிப்ரவரி 6 அன்று லிவர்பூலின் ஆன்ஃபீல்டு அரங்கில் நடந்தது இன்னும் பெரிது. அடுத்த பருவத்துக்கு ஒரு பகுதி டிக்கெட்டுகள் 77 பவுண்டாகும் என்று கழகம் அறிவித்திருந்தது. சண்டர்லாண்டுக்கு எதிரான ஆட்டத்தின் 77-ஆவது நிமிடத்தில் ஏறத்தாழ 10,000 ரசிகர்கள் எழுந்து வெளியேறினர். அப்போது 2–0 என்று முன்னிலையில் இருந்த லிவர்பூல், அவர்கள் போன பிறகு இரண்டு கோல் வாங்கி ஆட்டத்தை 2–2 என முடித்தது. நான்கு நாட்களில் கழக உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, அந்த விலையைத் திரும்பப் பெற்றனர். அடுத்த மாதமே பிரீமியர் லீக் கழகங்கள் வெளியூர் டிக்கெட்டுக்கு 30 பவுண்டு உச்சவரம்பு விதிக்க ஒப்புக்கொண்டன. 2016–17 பருவத்தில் நடைமுறைக்கு வந்த அது பின்னர் நீட்டிக்கப்பட்டது.

டிக்கெட்டுக்கு உச்சவரம்பு வந்தது. ரயில் கட்டணத்துக்கு வரவில்லை. பிரிட்டனில் முன்கூட்டியே வாங்கும் ரயில் டிக்கெட் மலிவு, ஆனால் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும். தொலைக்காட்சி நிறுவனங்களோ போட்டி அட்டவணை வெளியான பிறகு தமக்கு வேண்டிய ஆட்டங்களைத் தேர்ந்து, சனிக்கிழமை மாலை 3 மணியிலிருந்து ஞாயிறு நண்பகலுக்கோ திங்கள் இரவுக்கோ நகர்த்துகின்றன. முதலில் வாங்கியவரின் ரயில் டிக்கெட் பயனற்றுப் போகிறது; காத்திருந்தவர் அதிக விலை தருகிறார். திங்கள் இரவு 8 மணி ஆட்டம் முடியும்போது பல ஊர்களுக்குக் கடைசி ரயில் போய்விட்டிருக்கும். அப்போது விடுதிச் செலவும், மறுநாள் விடுப்பும் சேர்கின்றன.

2022 ஏப்ரல் 16 அன்று நடந்த எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி இதன் உச்சம். மோதியவை லிவர்பூலும் மான்செஸ்டர் சிட்டியும். இரு நகரங்களும் வடமேற்கில் அருகருகே உள்ளவை. ஆட்டம் நடந்ததோ லண்டன் வெம்ப்ளியில். ஈஸ்டர் வாரத்துப் பராமரிப்புப் பணியால் அந்நகரங்களிலிருந்து லண்டனுக்கு நேரடி ரயில் இல்லை. எதிர்ப்பு வலுத்த பிறகு கால்பந்துச் சங்கம் 5,000 பேருக்கு 100 இலவசப் பேருந்துகளை ஏற்பாடு செய்தது. அப்படியும் சிட்டி ரசிகர்களின் பகுதியில் காலி இருக்கைகள் வரிசையாகத் தெரிந்தன.

ஜெர்மனியின் வழி

ஜெர்மனியில் 50+1 விதி, கழக உறுப்பினர்களுக்குப் பெரும்பான்மை வாக்குரிமை இருக்கச் செய்கிறது. விலையைக் கூட்ட நினைக்கும் நிர்வாகம் அந்த உறுப்பினர்களையே எதிர்கொள்ள வேண்டும். நின்று பார்க்கும் மலிவான பகுதிகள் அங்கு தொடர்கின்றன. டார்ட்மண்ட் அரங்கின் தெற்குத் தளத்தில் மட்டும் சுமார் 25,000 பேர் நிற்கலாம். பல கழகங்களின் டிக்கெட்டைக் காட்டியே போட்டி நாளில் அவ்வட்டாரத்தின் பேருந்திலும் ரயிலிலும் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். பயணச் செலவும் காருக்கு இடம் தேடும் தொல்லையும் ஒன்றாகக் குறைகின்றன. ரஷ்யா 2018, கத்தார் 2022 உலகக் கோப்பைகளிலும் டிக்கெட் வைத்திருந்தவர்களுக்கு இவ்வாறான இலவசப் பயணம் தரப்பட்டது.

அங்கும் சச்சரவு இல்லாமல் இல்லை. 2010-இல் ஷால்கேயுடனான ஆட்டத்துக்கு 20 யூரோவுக்கு மேல் வசூலித்ததற்காக டார்ட்மண்ட் ரசிகர்களில் ஒரு பகுதியினர் போகாமல் புறக்கணித்தனர். 2016 பிப்ரவரியில் ஸ்டுட்கார்ட் நகரில் நடந்த கோப்பைக் காலிறுதியில் அவர்கள் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை வீசி விலையைக் கண்டித்தனர். பணிநாளில் வெளியூர் போவதைக் கடினமாக்கிய திங்கள் இரவு ஆட்டங்களும் ரசிகர்களின் தொடர் எதிர்ப்பால் புண்டெஸ்லிகாவில் 2021–22 முதல் கைவிடப்பட்டன.

விலை குறைப்பின் பலன்

இங்கிலாந்தின் கீழ்ப்பிரிவுகளில் நிலைமை வேறு. அங்கு காத்திருப்போர் பட்டியல் இல்லை. காலி இருக்கைகள்தான் உண்டு. ஏறத்தாழ 25,000 பேர் கொள்ளும் அரங்கை வைத்துக்கொண்டு நான்காம் பிரிவுக்கு இறங்கிய பிராட்ஃபோர்டு சிட்டி, 2007–08 பருவத்தில் முழு ஆண்டுக்கான சீசன் டிக்கெட்டை 138 பவுண்டுக்கு விற்றது. அப்பிரிவில் வேறெங்கும் காணாத வகையில் அதன் சராசரி வருகை 13,000-ஐத் தாண்டியது. காலியாகக் கிடக்கும் இருக்கையில் இன்னொருவரை அமர வைக்கக் கழகத்துக்கு ஆகும் கூடுதல் செலவு மிகச் சொற்பம் என்பதால் இந்தக் கணக்கு அங்கே எடுபட்டது. அரங்கு ஏற்கெனவே நிறைந்திருக்கும் கழகத்துக்கு இக்கணக்கு பொருந்தாது. 2024-இன் இறுதியில் மான்செஸ்டர் யுனைடெட், பருவத்தின் நடுவில், மீதமிருந்த டிக்கெட்டுகளுக்குக் குறைந்தபட்ச விலையை 66 பவுண்டாக்கி, சிறுவர்களுக்கும் முதியோருக்கும் இருந்த சலுகையையும் அவற்றில் நீக்கியது. ரசிகர்கள் அரங்குக்கு வெளியே எதிர்ப்புத் தெரிவித்தனர். உள்ளே அரங்கு நிறைந்தே இருந்தது.