எஃகுக்கும் ஒரு கைப்பக்குவம்

சப்பாத்தி இடும்போது மாவு ஓரிடத்தில் கெட்டியாக இருந்தால், கை அதை உடனே உணர்ந்து அங்கே சற்று அழுத்துகிறது. அளவுகோல் வேண்டியதில்லை. மோட்டார் வண்டிக்கும் தகர டப்பாவுக்கும் வேண்டிய எஃகுத் தகட்டை உருட்டி நீட்டும் ஆலைகளுக்கோ இந்தக் கையறிவு நெடுங்காலம் கிட்டவில்லை. தகட்டின் கனம் கூடினால் எஃகு வீண். குறைந்தால், அச்சில் அமுக்கும்போது தகடு கிழியும்.

இரண்டு உருளைகளுக்கு நடுவே 1 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தால், அதே கனமுள்ள தகடு வருமென்று நாம் எண்ணுவோம். வராது. 1000 டன் விசையுடன் எஃகை நசுக்கும்போது, உருளைகளைத் தாங்கும் பிரம்மாண்டமான இரும்புச் சட்டமே விரிந்துகொடுக்கிறது. 500 டன்னுக்கு 1 மில்லிமீட்டர் விரியும் சட்டமானால் விரிவு 2 மில்லிமீட்டர். வெளிவரும் தகடு 3 மில்லிமீட்டர்! பழுக்கக் காய்ச்சிய எஃகில் சூடு ஆறிய பகுதி வந்தாலோ, விசையும் கூடும், கனமும் கூடும்.

வெளியே வந்தபின் அளந்து திருத்தலாகாதா? அளவுக் கருவி 2 மீட்டர் தள்ளி இருப்பதாகக் கொள்வோம். விநாடிக்கு 10 மீட்டர் ஓடும் தகட்டில், பிழை தெரிவதற்குள் விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு கழிந்துவிடும். அவசரப்பட்டுத் திருத்தினால், போன தகட்டின் பிழைக்கு வருகிற தகடு தண்டனை பெறும்.

பிரிட்டிஷ் இரும்பு எஃகு ஆராய்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த ஹெஸன்பர்க், ஸிம்ஸ் என்னும் இருவர், 1952-ல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு ஓர் உபாயத்தை விளக்கினர். சட்டம் விரிவதையே அவர்கள் அளவுகோலாக்கிக்கொண்டார்கள். விசையை அளந்தால் விரிவு தெரியும். அதை இடைவெளியோடு கூட்டினால், உருளைகளுக்கு நடுவே இருக்கும்போதே தகட்டின் கனம் தெரியும். அக்கணமே திருகைத் திருப்பலாம்.

ஆயினும் இதிலும் ஓர் ஆபத்து உண்டு. உருளை சரியான வட்டமாக இல்லாவிட்டால், அதன் மேடான பக்கம் தகட்டை மெலியச் செய்கிறது, விசையோ கூடுகிறது. கனம்தான் கூடிவிட்டதென்று மயங்கும் யந்திரம் மேலும் அழுத்தித் தகட்டைக் கெடுக்கிறது. ஆகவே, உருளையின் சுழற்சியோடு மீண்டும் மீண்டும் வரும் சிறு ஏற்ற இறக்கங்களைப் பொருட்படுத்தாதிருக்கவும் யந்திரத்துக்குக் கற்பிக்கவேண்டியிருக்கிறது. வெளியே எக்ஸ்-கதிர்க் கருவி நிதானமாகக் கணக்கைச் சரிபார்க்கிறது.

இன்று திருகின் வேலையை எண்ணெய் அழுத்தமும், கூட்டல் கணக்கைக் கணிப்பொறியும் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டுவிட்டன. ஆனால், கூடிய விசை எஃகின் கடினத்தால் வந்ததா, உருளையின் கோணலால் வந்ததா என்று பகுத்தறியும் வேலை மட்டும் யந்திரத்தை அமைப்பவரை விட்டபாடில்லை.