வெப்பத்தைக் கணக்கெடுக்கும் லேபிள்

போலியோ சொட்டு மருந்துக் குப்பியை அருகில் பார்த்திருக்கிறீர்களா? அதன் லேபிளில் ஊதா நிற வட்டம் ஒன்று, அதற்குள் வெளிறிய சிறு சதுரம் ஒன்று இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்தைக் கொடுக்கலாம். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால், காலாவதித் திகதிக்கு இன்னும் நாள் இருந்தாலும், குப்பியை ஒதுக்கிவிட வேண்டும்.

1996இல் போலியோ மருந்தில்தான் இந்த அடையாளம் முதலில் வந்தது. சதுரத்தில் பூசியிருக்கும் வேதிப்பொருள் வெப்பம் பட்டால் கருக்கும். 37 பாகை செல்சியஸில் 2 நாளிலேயே கருத்துவிடும். குளிர்பெட்டிக்குள் மாதக்கணக்கில் வெளிறியே இருக்கும். ஒருமுறை கருத்தது திரும்ப வெளிறாது என்பதுதான் இதில் முக்கியம். வெயிலில் கிடந்த குப்பியை அவசரமாகக் குளிரில் வைத்து யாரும் ஏமாற்ற முடியாது.

இதே முறையில் உணவுப் பொருளுக்கும் லேபிள் செய்கிறார்கள். யோகட் மூடியில் அச்சிட்ட திகதி, அது தொழிற்சாலையிலிருந்து கடைவரை குளிரிலேயே இருக்கும் என்ற நம்பிக்கையில் போட்டது. பதுளைப் பக்கத் தோட்டங்களில் அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும்? 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்ததே, அப்போது கடைக் குளிர்பெட்டிக்குள் இருந்த பாலும் சொசேஜும் என்ன பாடுபட்டன என்று திகதிக்குத் தெரியாது. செங்கலடியிலிருந்து வரும் ஏ5 வீதி மகாஓயா, பிபிலை என்று வெயில் நிலத்தைத் தாண்டித்தான் லுணுகலை, பசறை வழியாகப் பதுளைக்கு ஏறுகிறது. அந்த வழியில் ஐஸ் கரைந்த மீன் பெட்டிக்கு மறுபடி ஐஸ் போட்டுவிட்டால் பார்வைக்கு எல்லாம் சரிதான். லேபிள் இருந்தால் அது சொல்லிவிடும்.

இன்னொரு வகை லேபிள், பழுதாகும் உணவு விடும் வாயுவுக்கே நிறம் மாறும். மீன் கெடும்போது அமீன்கள் என்ற காரத்தன்மையுள்ள ஆவி வெளியேறும். நமது மலைநாட்டில் விளையும் சிவப்புக் கோவாவின் சாயத்தைத் தாளில் ஏற்றினால், காரம் பட்டதும் ஊதா நிறம் நீலமாகி, பிறகு பச்சையாகும்; பால் புளித்தால் இளஞ்சிவப்பாகும். கோவா இலையை அவித்த தண்ணீரில் கொஞ்சம் தேசிக்காய்ப் புளியும், வேறொரு கோப்பையில் அப்பச் சோடாவும் போட்டுப் பாருங்கள், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். பல நாட்டு ஆய்வுகூடங்களில் இந்தச் சாயத்தைச் சோதித்திருக்கிறார்கள்.

ஆனால் லேபிளைத் தெய்வவாக்காக எடுக்கக் கூடாது. சல்மொனெல்லா போன்ற கிருமிகள் நாற்றமோ நிறமாற்றமோ காட்டாமலே உணவில் இருக்கும். சூரை மீன் குளிரில்லாமல் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் சேரும். முகம் சிவந்து தலைவலி வரும், உடம்பு தடிக்கும். ஹிஸ்டமின் சமைத்தாலும் போகாது. வாயுவைப் பார்க்கும் லேபிள் இதைத் தவறவிடலாம், வெப்பத்தைக் கணக்கெடுக்கும் லேபிளோ மீன் குளிரில்லாமல் கிடந்ததையாவது காட்டும். அதனால், இரண்டில் ஒன்றுதான் நமக்குக் கிடைக்கும் என்றால் வெப்ப லேபிளையே கேட்பேன்.

வெளிநாட்டுப் பெரிய கடைகளில் உயர்ந்த விலைப் பொருளுக்கு இதை ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள். உண்மையில் இது முதலில் வேண்டியது பாதையின் கடைசியில் இருக்கும் தோட்டக் கடைக்குத்தான். பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது, உணவு விஞ்ஞானமும் அங்கே பாடம். தோட்டக் கடைகளில் விற்கும் யோகட்டில் இந்த லேபிளை ஒட்டிப் பார்க்க அதைவிட நல்ல இடம் எது?

அதுவரை, மூடி உப்பிய யோகட்டைத் திகதி மிச்சமிருந்தாலும் வாங்காதீர்கள். அதை எடுத்துவிடச் சொல்லியும் கடைக்காரர் கேட்காவிட்டால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) சொல்லுங்கள், அல்லது நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள்.