நிழல் சொல்லும் நாளும் பஞ்சாங்கம் சொல்லும் நாளும்

தை முதல் நாளன்று சூரியன் வடதிசை நோக்கித் திரும்புகின்றான் என்று நம் பள்ளிகளில் ஆண்டுதோறும் சொல்லப்படுகின்றது. பஞ்சாங்கமும் அன்றே உத்தராயணம் பிறப்பதாகக் குறிக்கின்றது. ஆயினும், பள்ளி முற்றத்தில் ஒரு கம்பை நேராக நட்டு, அதன் நண்பகல் நிழலைக் கார்த்திகை முதலாக அளந்துவரும் மாணவன் வேறொன்றைக் காண்பான். நிழல் மிகவும் நீண்டிருப்பது டிசம்பர் 22ஆம் தேதியை ஒட்டியே ஆகும். பொங்கலன்று அது குறையத் தொடங்கி மூன்று வாரங்கள் கழிந்திருக்கும். இவ்வாறே, பகலும் இரவும் சமமாகும் நாளைக் குறிக்க எழுந்த விஷு என்னும் சொல் இன்று சித்திரை முதல் நாளுக்கு வழங்குகின்றது. சூரியன் நேர்கிழக்கில் உதிப்பதோ மார்ச் 20 அல்லது 21ஆம் தேதியில். பெயர் ஓரிடத்தில் நிற்க, பொருள் வேறிடத்திற்குச் சென்றுவிட்டது. மாணவன் காரணம் கேட்பானாயின் ஆசிரியர் என்ன விடை கூறுவார்?

இக்கேள்வி டில்லி மாநகரில் இருமுறை எழுந்துள்ளது. முதன்முறை கேட்டவர் ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் சவாய் ஜெய்சிங். வழக்கிலிருந்த கணித அட்டவணைகள் வானத்தோடு ஒத்துவரவில்லை என்று கண்ட அவர், 1724ஆம் ஆண்டையொட்டி டில்லியில் ஜந்தர் மந்தர் என்னும் வான ஆய்வுக்கூடத்தை எழுப்பினார். ஜெய்ப்பூர், உஜ்ஜயினி, காசி, மதுரா ஆகிய இடங்களிலும் இத்தகைய கூடங்களைக் கட்டுவித்தார். டில்லிக் கூடத்தின் நடுவே நிற்கும் சாம்ராட் யந்திரம் ஏறத்தாழ 70 அடி உயரமுள்ள ஒரு பெரும் நிழற்கடிகாரம். அதன் சாய்வான விளிம்பு பூமியின் அச்சுக்கு இணையாக, வானத்தின் வடதுருவத்தை நோக்கி அமைந்துள்ளது. இந்நாளில் சுற்றிலும் உயர்ந்த மாளிகைகள் எழுந்துவிட்டன. எனினும் அச்சுவரின் நிழல் இன்றும் பாடம் கற்பிக்கின்றது.

பிழை எங்கே உள்ளது? ஆண்டின் நீளத்தில் உள்ளது. ஒரு சம இரவு நாளிலிருந்து மறு ஆண்டின் அதே நாள் வரையுள்ள காலம் 365.2422 நாட்கள். பருவங்களை நடத்துவது இந்த ஆண்டே. சூரிய சித்தாந்தம் கொண்ட ஆண்டோ 365.2588 நாட்கள். இது சூரியன் ஒரு விண்மீனிடமிருந்து புறப்பட்டு மீண்டும் அதே விண்மீனை அடையும் காலத்தை அடியொற்றியது. பூமியின் அச்சு, சுழலும் பம்பரத்தின் தலையைப்போல, ஏறத்தாழ 25,800 ஆண்டுகளுக்கு ஒருமுறை மெல்ல வட்டமிடுவதால் இவ்விரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. வேற்றுமை ஆண்டிற்கு 24 நிமிடம், அதாவது ஒரு நாழிகை. பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுச் சுற்று ஒன்று முடிவதற்குள் ஒரு முழு நாள் பிசகிவிடுகின்றது. ஒரு மனிதன் தன் வாழ்நாளில் இதை உணர்வது அரிது. ஆனால் ஆடியில் விதைக்கும் உழவன், பாட்டன் பாட்டனுக்குப் பாட்டன் காலத்து ஆடியில் விதைக்கவில்லை.

இப்பிசகு நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. பண்டை எகிப்தியர் 30 நாட்கள் கொண்ட 12 மாதங்களோடு 5 நாட்களைச் சேர்த்து, 365 நாட்களே ஆண்டு எனக் கொண்டனர். கால் நாளை விட்டுவிட்டதால் நான்கு ஆண்டுகளில் ஒரு நாள் வழுவியது. நைல் நதியின் வெள்ளத்தை முன்னறிய அவர்கள் நாட்காட்டியை நம்பவில்லை. வைகறையில் சீரியஸ் விண்மீன் மீண்டும் தோன்றுவதையே நோக்கினர். பாபிலோனியர் திங்களைக் கொண்டு கணித்து, 19 ஆண்டுகளில் 7 மாதங்களை மிகையாகச் சேர்த்தனர். நம் வேதாங்க சோதிடத்திலோ 5 ஆண்டுகளில் 2 அதிக மாதங்கள். ஐரோப்பாவிலும் ஜூலியன் ஆண்டு வழுவியதால் 1582இல் 10 நாட்களை நீக்க நேர்ந்தது.

இரண்டாம் முறை இக்கேள்வியை எழுப்பியது சுதந்திர இந்தியா. விண்மீன்களின் நிறமாலையை விளக்கும் சமன்பாட்டால் உலகப்புகழ் பெற்ற மேகநாத் சாஹாவின் தலைமையில், விஞ்ஞான தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் 1952 நவம்பரில் பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழுவை அமைத்தது. என். சி. லாஹிரி அதன் செயலாளர். நாட்டில் வழங்கிய 30 பஞ்சாங்கங்களைக் குழு ஆராய்ந்தது. 1,400 ஆண்டுகளில் 23 நாட்கள் பிசகியுள்ளமை அதன் 1955ஆம் ஆண்டு அறிக்கையில் தெளிவாயிற்று.

குழு வகுத்த முறை எளிது. சக ஆண்டு சைத்திர முதல் நாளில், அதாவது மார்ச் 22இல் பிறக்கும். லீப் ஆண்டில் மார்ச் 21இல். சைத்திரத்திற்கு 30 நாட்கள், லீப் ஆண்டில் 31. அடுத்த ஐந்து மாதங்களுக்கு 31. எஞ்சிய ஆறுக்கும் 30. சூரியன் வட அரைக்கோளத்தின் கோடையில் மெதுவாகச் செல்வதுபோல் தோன்றுவதால் அப்பகுதி மாதங்கள் நீண்டன. 1957 மார்ச் 22ஆம் நாள், சக ஆண்டு 1879 சைத்திரம் 1 என அரசு இதனை ஏற்றது. அந்நாளைக் காண சாஹா இல்லை. 1956 பிப்ரவரி 16இல் டில்லியில், திட்டக் கமிஷன் அலுவலகத்திற்குச் செல்லும் வழியில் அவர் உயிர் நீத்தார்.

சமய விழாக்களின் வகையில் குழு வழக்கத்திற்கு இடங்கொடுத்தது. அப்போதிருந்த வேற்றுமையை 23 பாகை 15 கலை என ஏற்று, விழாக்கள் பழைய பருவத்திலேயே நிற்க விட்டது. விவேகமான முடிவுதான், எனினும் அதன் பயனாக, திருத்தமான நாட்காட்டி அரசிதழிலும் வானொலி அறிவிப்பிலும் அமர, மக்கள் கையில் பழைய பஞ்சாங்கமே தங்கிற்று. வாக்கியத்தை விலக்கித் திருக்கணிதத்தைக் கைக்கொண்டோரும் திதியைத் திருத்தினரேயன்றி ஆண்டுப் பிறப்பை நகர்த்தவில்லை.

ஆதலின் ஆசிரியர் மாணவனுக்குக் கூறவேண்டுவது இது: பஞ்சாங்கம் விண்மீனைக் கணக்கிடுகின்றது, நிழல் பருவத்தைக் கணக்கிடுகின்றது, ஒருகால் ஒன்றாயிருந்த அவ்விரண்டும் பிரிந்து வெகுகாலம் ஆயிற்று. சொல்வதைவிடக் காட்டுவது மேல். மார்ச் மாதத்தில் 100 செ.மீ. கம்பு ஒன்றைச் சமதளத்தில் செங்குத்தாக நட்டு, காலை முதல் மாலை வரை நிழல் நுனியைப் புள்ளியிட்டு வரலாம். 20ஆம் தேதியையொட்டிப் புள்ளிகள் மேற்கு கிழக்காக ஒரே நேர்கோட்டில் அமையும். சில வாரங்கள் முன்னும் பின்னும் எதிரெதிர்ப் பக்கமாக வளையும். அன்றைய நண்பகலில் நிழலின் நீளம் டில்லியில் ஏறத்தாழ 54 செ.மீ., சென்னையில் 23, கன்னியாகுமரியில் 14. கடிகாரத்தில் 12 அடிக்கும்போது அளந்துவிடலாகாது. இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. மார்ச் மாதப் பிற்பகுதியில் சூரியன் சென்னையில் உச்சிக்கு வருவது ஏறத்தாழ 12 மணி 16 நிமிடத்திற்கு. டில்லியில் 12 மணி 28 நிமிடத்திற்கு.